நெல் மூட்டைகளுக்கு நடுவே ஓர் அமெரிக்கர்

அவருடைய வாயின் இடது ஓரம் கொஞ்சம் தாமதமாக அசைகிறது என்பதை உலகத்தின் இந்தப் பக்கத்தில் முதலில் கவனித்தவன் நானாகத்தான் இருப்பேன். அவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கிற ஒரு வயதானவர். நான் குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல் போடுகிறவன். இருபத்தேழு வருஷமாக அவர் தமிழில் பேசினால் அது என் குரல்தான்.

மார்கழி கடைசியில் ஒரு காலைப்பொழுது. எங்கள் வீட்டில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் வரப்போகிற சீசனின் முன்னோட்டம். அதில் அவர் ஒரு மாட்டுப் பண்ணையின் சொந்தக்காரர். வீட்டு வாசலில் நின்று வேலையாளைக் கூப்பிடுகிறார். உதடுகள் மூட வேண்டிய இடத்தில் வலது பக்கம் மூடியது. இடது பக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நான்கு தடவையும் அப்படியே இருந்தது.

வெளியிலிருந்து என் மனைவி, "ஏங்க, இட்லி ஆறுது" என்றாள்.

"அவருக்கு என்னமோ ஆயிடுச்சு."

"டாக்டர்கிட்ட போனாராமா?"

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல் 'அவர்' என்றால் ஒருவர்தான்.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சென்னைக்குப் போய், சில வருஷம் அங்கே இங்கே இருந்து, ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் இழுக்கிற வேலையில் சேர்ந்தேன். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிற இடம் அது. ஒரு மழை நாளில் சின்ன வேடத்துக்குப் பேச வேண்டியவர் வந்து சேரவில்லை. ஒலிப்பதிவாளர் என்னைப் பார்த்து, "ரெண்டே வரிதான், நீ சொல்லிடு" என்றார். எனக்குக் கடையில் போய்ச் சில்லறை கேட்கவே கூச்சம். ஆனால் அந்த அறையில் விளக்கை அணைத்துவிடுவார்கள். திரையில் மட்டும் வெளிச்சம் இருக்கும். அங்கே ஒரு மருத்துவர் வந்தார். என்னைவிடப் பத்து இருபது வயது மூத்தவர், நீளமான முகம். கட்டிலைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "உயிர் போயிடுச்சு. நேரத்தைக் குறிச்சுக்கோங்க." அதுதான் அவருடைய முதல் வசனம். என்னுடையதும் அதுதான். நான் சொன்னது நான் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை. அவர் வாய் திறந்தது, சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வரியோடு போயிருக்க வேண்டியவர் மறுவாரமும் வந்தார். அதற்கடுத்த வாரம் அவருக்கு ஒரு நாய் கொடுத்தார்கள். பிறகு பிரிந்துபோன மனைவி ஒருத்தியைக் கொடுத்தார்கள். ஒரு முகத்துக்கு ஒரு குரல் என்பது எங்கள் தொழிலில் கட்டாயம். அதனால் ஒவ்வொரு தடவையும் வயர்க் குவியலுக்குள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரித் தொடர் ஒருநாள் முடிந்தது. அவர் காணாமல் போனார். இரண்டு வருஷம் போல அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நானும் பழையபடி வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு ஏதோ போலீஸ் தொடரில், செத்தவனுடைய அண்ணனாக ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். உடம்பு பெருத்திருந்தது. மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு. அங்கிருந்து மேலே வந்து போலீஸ் கேப்டன் ஆனார். அதற்கப்புறம் ஏழு வருஷம் நீதிபதி. அந்த ஏழு வருஷமும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். பேச்சு குறைந்துபோனது. மூச்சு அதிகமானது. மூச்சுக்கும் நாங்கள்தான் குரல் கொடுக்க வேண்டும். யோசிக்கிற மூச்சு ஒன்று, பொய்யைக் கேட்கிற மூச்சு ஒன்று. பக்கத்து அறையில் யாரோ கதவை மூடும்போது வருகிற மூச்சு வேறு. அவரிடமிருந்துதான் இதையெல்லாம் கற்றேன்.

அவர் வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவர் முகத்திலிருந்து தெரிந்ததுதான். கேப்டனாக இருந்த காலத்தில் விரலில் மோதிரம் போட்டுப்போட்டுப் பதிந்த வெள்ளைத் தடம் இருந்தது, மோதிரம் இல்லை. நீதிபதியான நாலாவது வருஷம் அந்தத் தடமும் மறைந்தது. பிறகு வேறொரு மோதிரம் வந்தது. ஒரு வருஷம் முன்பற்களை மாற்றினார். அந்த வருஷம் முழுக்க அவருக்குச் 'ச' வரவில்லை, நானும் கஷ்டப்பட்டேன். ஒருமுறை ஒரு சாதாரணக் காட்சியில், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வசனத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் அவர் கண் கலங்கியது. அந்த மாதம் அவர் வீட்டில் யாரோ போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை தெரியாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கிற என் அக்கா மகள், அவர் கொடுத்த பேட்டி ஒன்றை ஒருமுறை போனில் அனுப்பி அர்த்தம் சொன்னாள். அவர் சோளம் போடுகிற குடும்பத்தில் பிறந்தவராம். தொடர்களில் எத்தனையோ தடவை செத்துப்போயிருக்கிறாராம். ஒவ்வொரு தடவை சாகும்போதும் ஊரிலிருந்து அவருடைய அம்மா போன் பண்ணி, "நீ நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்பாராம். இதைக் கேட்டு என் மனைவி சிரிக்கவில்லை. "பெத்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

எங்கள் கல்யாணம் அவர் கேப்டனாக இருந்தபோது நடந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று அவர்கள் வீட்டில் சந்தேகப்பட்டபோது, கூட வந்தவர், கேப்டனுக்குப் பேசுகிறவர் இவர்தான் என்று சொல்லிச் சமாளித்தார். என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்: "கேப்டனைக் கட்டிக்கிறோம்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தது ஊமைச்சாமி."

அப்பா காலமான பிறகு நிலத்தைப் பார்க்க ஊரோடு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் ரயிலில் சென்னைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்துகொண்டிருந்தேன். கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்தே பேசி அனுப்பலாம் என்று ஆனபோது, ஒரு மைக்கும் லேப்டாப்பும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பேசிப் பார்த்தேன். கூடத்தில் எதிரொலி. அடுப்படியில் பாத்திரங்கள் கூடப் பேசின. நெல் மூட்டை அறையில்தான் சத்தம் சத்தமாகவே நின்றது. மூன்று பக்கமும் தலைக்குமேல் மூட்டை அடுக்கி, நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால், சென்னைக் கூடத்துக்குக் குறைவில்லை. நெல் எதிரொலியைக் குடித்துவிடுகிறது. என்ன, மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டால் அறை மறுபடியும் தகர டப்பா. அதனால் குறுவைக்கும் சம்பாவுக்கும் தகுந்தபடிதான் என் அமெரிக்கர் எங்கள் வீட்டில் தங்குவார்.

பனிக்காலத்தில் அந்த அறையில் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். சன்னலுக்கு வெளியே வயல்மேல் பனி மூடியிருக்கும். திரையிலும் பனி பெய்துகொண்டிருக்கும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாய்க்கால் பக்கம் போனால், பனிக்குள்ளிருந்து நீதிபதி கறுப்பு அங்கியோடு வரப்பில் நடந்து வந்துவிடுவார் போலத் தோன்றும். அவர் வந்தால் என்ன பேசுவது என்றுகூட யோசித்திருக்கிறேன். ஒன்றும் பேச மாட்டேன். அவரும் பேச மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

என் மனைவி போட்ட சட்டம் ஒன்று உண்டு. நெல் இருக்கிற அறையில் வெள்ளிக்கிழமை யாரும் சாகக் கூடாது. நெல் லட்சுமி. வெள்ளியன்று அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு மூச்சுத் திணறி உயிரை விடுவது குடும்பத்துக்கு ஆகாது. சண்டை போடலாம், தீர்ப்புச் சொல்லலாம், சாகிற காட்சி மட்டும் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போக வேண்டும். மற்ற நாளில் செத்தாலும் வெளியே வந்ததும் முகம் கழுவி, ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் புழங்கலாம்.

தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் சென்னையிலிருந்து போன் வந்தது. குரல் பதிவை இயக்குகிற அம்மாள். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்பார். நான் மேடம் என்பேன்.

"அண்ணா, பண்ணைத் தொடர் கடைசி சீசன் வந்திருக்கு. எட்டு எபிசோட். அவருக்கு ஸ்ட்ரோக் வந்து மீண்டிருக்கார், தெரியுமா?"

"தெரியும் மேடம். முன்னோட்டத்திலேயே வாயில தெரிஞ்சுது."

"அவர் ஒத்துக்கிட்ட கடைசி வேலையாம் இது. ஒரு சங்கடம் இருக்கு. பேச்சு குழறுது அவருக்கு. தமிழ்லயும் அப்படி வந்தா யார் பாப்பாங்கன்னு சேனல்ல கேக்கறாங்க. தெளிவாப் பேசற ஒரு புது ஆளைப் போடணும்ங்கறாங்க. ஒருத்தர் இருக்கார், நீதிபதி காலத்து உங்க குரலை அப்படியே பேசறார்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் சண்டை போட்டு ஒரு டெஸ்ட் வாங்கியிருக்கேன். ஆஸ்பத்திரி சீன் அனுப்பறேன். நீங்களும் பேசுங்க, அவரும் பேசட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்கு வந்துடணும். அண்ணா, இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

இருபத்தேழு வருஷம் அவர் வாயோடு வாயாக இருந்திருக்கிறேன், கடைசி எட்டுக்கு வேறு ஒருவர் என்றால் தாங்காது என்று சொல்ல நினைத்தேன். "சரி மேடம்" என்றுதான் வந்தது.

காட்சி இதுதான். பண்ணைக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். வெளியே பனி. பல வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டைவிட்டுத் துரத்திய மகள் வந்து நிற்கிறாள். அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். பிழைப்பாரா என்று தெரியாது.

முதலில் நான் குழறிப் பார்த்தேன். நகல் எடுத்தது மாதிரி இருந்தது. இடது கடைவாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தபடியே பேசிப் பழகினேன். பக்கத்து வயல்காரர், "என்ன, பல்வலியா?" என்றார். இல்லை என்று சொல்லி விளக்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். மறுநாளுக்குள் கிராம்பு, கொய்யா இலை, உப்புத் தண்ணீர் என்று மூன்று வீட்டிலிருந்து வைத்தியம் வந்துவிட்டது. என் மனைவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "பல்லே புடுங்கிட்டதாச் சொல்லிடட்டுமா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் எனக்குப் புரிந்தது. அவர் குழறவில்லை. குழறாமல் இருக்கப் பார்க்கிறார். உதடு மூட வேண்டிய சொல் வருவதற்கு முன்னால் அரை நொடி நிற்கிறார். வழுக்குகிற வரப்பில் அடுத்த அடியை எங்கே வைக்கலாம் என்று பார்ப்பதைப் போல. மூட முடியாத சொல்லை விட்டுவிட்டுப் பக்கத்துச் சொல்லுக்குப் போகிறார். ஆங்கிலம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. இது தெரிந்தது. அப்படியானால் நான் செய்ய வேண்டியது குழறுவது இல்லை. அதே பலவீனமான வாயோடு தெளிவாகப் பேச முயல்வது.

எனக்கு எழுதி அனுப்பியிருந்த வசனம், "என்னை மன்னிச்சிடும்மா." அதில் இரண்டு இடத்தில், முடிவில் அழுத்தமாகவே, உதடு ஒட்ட வேண்டியிருக்கிறது! அந்த வாயால் அதைச் சொல்லவே முடியாது. எழுதிக் கொடுத்ததில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றியவன் இல்லை. அன்றைக்குப் பென்சிலை எடுத்து, "தவறு என்னோடது. நீ இங்கேயே இரு" என்று எழுதினேன். சொல்லிப் பார்த்தேன். உதடு ஓரிடத்திலும் ஒட்டவில்லை. அவர் முகத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமை பேசிவிடலாம் என்று அறைக்குள் போனால், அடுத்த வயலில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. நாள் முழுக்க அதன் சத்தம்தான். ராத்திரியும் விளக்குப் போட்டு அறுக்கப்போகிறார்களாம். சாயங்காலம் என் மனைவி வந்து, "நாளைக்குக் காலையில கொள்முதல் நிலையத்துல நம்ம முறையாம், டிராக்டர் சொல்லியாச்சு" என்றாள். மேகம் திரண்டு வருகிறது, இந்த முறையை விட்டால் மழையில் கொள்முதல் நின்றுவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மூட்டை போனால் அறை டப்பா. நான் தயங்கித் தயங்கி, "வெள்ளிக்கிழமை பேசிடலாம். வைக்கோல் கட்டுப் போட்டு அடைச்சுக்கிட்டு..." என்றேன்.

"என்ன சீன் அது?"

"ஆஸ்பத்திரி."

"சாகறாரா?"

"சாகல. சாகற மாதிரி இருக்கார்."

"அதெல்லாம் ஆகாது. சாப்பாட்டு நெல்லு எட்டு மூட்டை உள்ளதானே இருக்கப்போவுது? வெள்ளிக்கிழமை அதுக்கு முன்னாடி படுத்துக்கிட்டு இழுத்துக்கிட்டிருப்பீங்களா?"

நான் சாப்பிட்டு எழுந்தேன். பாத்திரம் கழுவிவிட்டு வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மூட்டைதானே வேணும்? மூட்டை எங்க போவுதோ அங்க போங்களேன்."

வியாழக்கிழமை லேப்டாப்பையும் மைக்கையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டிராக்டரில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து போனேன். கொள்முதல் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர் நெல். எங்கள் முறை சாப்பாட்டுக்கு அப்புறம்தான் என்றார்கள். இறக்குகிறவர்களிடம் மூட்டையை மூன்று பக்கச் சுவராக அடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிதான் நின்று, "இப்படி வைங்க, நடுவுல இடம் விடுங்க, காத்தோட்டம் வேணும்" என்று ஏதோ காரணம் சொல்லி அடுக்க வைத்தாள். மேலே தார்ப்பாயை இழுத்து மூடினாள். "போங்க. நான் இங்கதான் இருக்கேன்."

உள்ளே தவழ்ந்து போனேன். தார்ப்பாய் நீல நிறம். வெயில் அதன் வழியாக இறங்கி உள்ளே எல்லாமே நீலமாக இருந்தது, மூட்டைகளும் என் கைகளும். நெல்வாசனை, சாக்குத் தூசி. திரையைத் திறந்தேன். ஆஸ்பத்திரி அறையும் நீலம். சன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. எனக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது, ஆனால் குளிர்கிற மாதிரியும் இருந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தக் காட்சி முழுக்க அவர் பார்ப்பது மகளைத்தான், எனக்குத் தெரியும்.

மூச்சை அவரோடு சேர்த்துக்கொண்டு வாயைத் திறந்தேன். வெளியே நெல் தூற்றுகிற இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

காத்திருந்தேன். நிற்கவில்லை. ஒருவருடைய நெல் முடிந்ததும் அடுத்தவருடையது. எங்கள் முறை வந்தால் இந்த மூட்டைகளையும் அவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் எனக்கு இடமும் இல்லை, நாளும் இல்லை. சத்தத்தோடேயே ஒருமுறை பேசிக் கேட்டுப் பார்த்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிக்குள் நெல் தூற்றினார்கள்.

வெளியே வந்தேன். சுமை தூக்குகிறவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர், உயரமானவர், தலையில் துண்டு கட்டி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்னண்ணே, சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உங்களுது."

தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து தார்ப்பாய்க்குள் போய்விட்டேன். உள்ளே திரையில் அமெரிக்கர் கண்ணைத் திறந்தபடியே இருந்தார். நிறுத்தி வைத்த படம் அப்படித்தானே இருக்கும். அந்த வாயைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். நாளைக்கு வேறொருவர் இதைத் தெளிவாகப் பேசிவிடுவார் என்று நினைத்தபோது மறுபடி எழுந்து வெளியே போனேன்.

"அண்ணே, மெஷினைப் பத்து நிமிஷம் நிறுத்தணும்."

"எதுக்கு?"

"உள்ள ஒருத்தர் பேசணும்."

"யாரு?"

எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ஒரு பெரியவர். உடம்பு முடியல, வாய் சரியா வரல. மகள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

அவர் வெற்றிலையைத் துப்பினார். "அடப்பாவி, தார்ப்பாய்க்குள்ள வச்சா மூடியிருக்கே ஆளை? ஏய், தண்ணி எடுத்தாங்கடா!"

நான் தடுப்பதற்குள் நாலு பேர் ஓடிவந்து தார்ப்பாயைத் தூக்கிவிட்டார்கள். ஒருவர் கையில் சொம்பு. மூட்டைகளுக்கு நடுவே, ஒரு மூட்டைமேல் வைத்த லேப்டாப்பில் ஒரு வெள்ளைக்காரர் படுத்திருந்தார்.

சொம்பு வைத்திருந்தவர் குனிந்து பார்த்தார்.

"இவரு நம்ம ஜட்ஜு இல்ல?"

"ஆமாண்டா, ஜட்ஜய்யாதான். என்னடா இப்படிக் கெடக்காரு?"

என் மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். உயரமானவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த ஜட்ஜுக்குப் பேசுறது நீயா? உன் வாயில வார்த்தையே வரலியே."

"அவருக்குன்னா வரும்" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துவிட்டுத் திரும்பி, "மெஷினை நிறுத்துங்கடா, ஜட்ஜுக்கு உடம்பு முடியல" என்று சத்தம் போட்டார். எழுதுகிற அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து ஏன் நின்றது என்றார். "பத்து நிமிஷம் சார், தூசி தட்டணும்" என்று பதில் போனது. இயந்திரம் நின்றது. தார்ப்பாயை மூடினார்கள்.

இத்தனை பேர் காது கொடுத்து நிற்கும்போது நான் பேசியதே இல்லை. திரையை ஓட விட்டேன். அவர் மூச்சு இழுத்தார், நானும் இழுத்தேன். பிறகு எனக்கு வெளியே யாரும் இல்லை. சொல் வருவதற்கு முந்தைய அந்த அரை நொடியில் அவரோடு நின்றேன். "தவறு... என்னோடது." மகள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். "நீ இங்கேயே இரு." இரண்டாம் முறை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

முடிந்த பிறகும் வெளியே சத்தமில்லை. ஒரு காக்கை கத்தியது. பிறகு தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கேட்டார்கள்: "பொண்ணு இருந்துச்சா, போயிடுச்சா?"

"அடுத்த வாரம்தான் தெரியும்" என்றேன்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் எரிந்தது. என் மனைவி கிட்டே வந்து முந்தானையால் என் இடது கடைவாயைத் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து வெல்லத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சனிக்கிழமையும் பொழுது சாய்கிறவரை இல்லை. காலி அறையில் போய் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்த சத்தம் அறை முழுக்க எதிரொலித்தது.

"அண்ணா, ரெண்டு பேருதையும் போட்டுப் பாத்தாங்க. அந்தப் புது ஆளுது ரொம்பத் தெளிவு, பிசிறே இல்லைன்னாங்க."

"சரி மேடம்."

"இருங்கண்ணா. புது ஆளுது ஓடறப்ப எல்லாரும் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்களாம். உங்களுது ஓடறப்ப வாயைப் பாக்கணும்னே யாருக்கும் தோணலையாம், கண்ணைத்தான் பாத்தாங்களாம். எட்டும் நீங்கதான். வசனத்தை மாத்தியிருக்கீங்கன்னு எழுதினவர் முதல்ல கோவிச்சுக்கிட்டார். அப்புறம் பாத்துட்டு, மத்த ஏழுலயும் அவரையே மாத்திக்கச் சொல்லுங்கன்னுட்டார். கிளம்பி வாங்க."

சென்னையில் நான்கு நாள் பேசினேன். மகள் போகவில்லை, இருந்தாள். ஒவ்வொரு எபிசோடிலும் அவருக்குச் சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. பிந்தைய எபிசோடுகளில் பெரும்பாலும் மூச்சுதான். கடைசி எபிசோடின் கடைசிக் காட்சியில் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பனி உருகி அங்கங்கே புல் தெரிகிறது. மகள் அவருடைய கோட்டை எடுத்துவர உள்ளே போகிறாள். வசனத் தாளில் அந்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவர் வாய் அசைந்தது. இரண்டு மூன்று சொல், மிக மெதுவாக. என்ன சொல்கிறார் என்று மேடம் ஹெட்போனைக் காதில் அழுத்தி அழுத்திக் கேட்டார். ஒலிப்பதிவாளர் கேட்டார். தெரியவில்லை. நடிப்புக்காகச் சொன்னதா, தானாகச் சொன்னதா என்பதுகூடத் தெரியவில்லை.

"ஏதாவது ஒரு வரி போட்டுடலாம்ணா. உதட்டுக்குச் சரியா நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

எனக்கு ஒரு வரி கிடைத்திருக்கும். அந்த உதட்டுக்கு எது உட்காரும் என்று அப்போது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் சொல்ல வரவில்லை. இருட்டில் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மேடம், இந்த இடத்துல நான் வேண்டாம். அவர் சொன்னதையே விட்டுடுங்க."

"குரல் மாறினது தெரியுமேண்ணா."

"பரவாயில்ல மேடம். அவர் பேசட்டும்."

அவர் சொன்னது அப்படியே இருந்தது. தமிழில் அவருடைய சொந்தக் குரல் கேட்ட இடம் அது ஒன்றுதான்.

பங்குனியில் அது ஒளிபரப்பானபோது நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். பனி உருகியது. அவர் வாய் அசைந்தது. படம் இருண்டு பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கடைசியில மெதுவா என்னமோ சொன்னீங்களே, என்னங்க அது?"

"தெரியல" என்றேன்.